இரத்தம் தோய்ந்த மண்ணும் சாதாரண மண்ணும்

வாசகர் கேள்வி: நான் திருச்சியில் வங்கி ஊழியர். முதல் முறையாக ஒரு குற்றப் புதினம் எழுதி வருகிறேன். திருவானைக்காவில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவர் கொலையுண்டு கிடக்கிறார். என் நாயகி தடய அறிவியல் அதிகாரி. உடலைப் பார்த்தவுடன், இறப்பு இரவு 9.40 மணிக்கு நேர்ந்தது என்கிறாள். இரண்டே நாளில் டி.என்.ஏ. அறிக்கை வருகிறது. பிறகு சந்தேக நபரை அவளே விசாரித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கிறாள். படித்துப் பார்த்த நண்பர், "வெளிநாட்டுத் தொடரைத் தமிழில் பார்ப்பதுபோல் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். காவல்துறை நடைமுறையையும் தடய அறிவியலையும் எங்கே, எப்படித் தெரிந்துகொள்வது? காவல் நிலையத்துக்கே போய்க் கேட்கலாமா? பரிசோதனையில் அகப்படாத விஷம் ஏதாவது உண்டா? கொலை நடந்த அன்று இரவு வேலை முடிந்து தன் வீட்டுக்குத் திரும்பும் இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்?

பதில் அளிப்பவர்: பணி ஓய்வு பெற்ற காவல் துணைக் கண்காணிப்பாளர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் உங்கள் கதையில் அறிவியல் தவறாக இருப்பதால் அப்படித் தோன்றவில்லை. நான்கு அலுவலகங்கள் செய்யும் வேலையை ஒரே பெண்ணின் தலையில் சுமத்தியிருப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. நம் மாநிலத்தில் கொலை வழக்கைப் புலன்விசாரணை செய்பவர் காவல் ஆய்வாளர், அதாவது இன்ஸ்பெக்டர். பிரேத பரிசோதனை செய்பவர் சுகாதாரத் துறையின்கீழ் வரும் அரசு மருத்துவர். விரல் ரேகை எடுக்க வருபவர் காவல்துறையின் விரல் ரேகைப் பிரிவைச் சேர்ந்தவர். தடய அறிவியல் துறையோ இவர்கள் எவருக்கும் கட்டுப்படாத தனித்துறை. அதன் தலைமை அலுவலகம் சென்னை மயிலாப்பூரில், காமராஜர் சாலையில் இருக்கிறது. 1849-இல் சென்னையில் தொடங்கப்பட்ட வேதியியல் பரிசோதகர் ஆய்வகத்தின் வழிவந்தது அது என்பதால், அங்குள்ளவர்களுக்குத் தாங்கள் காவலர்கள் அல்லர், அறிவியலாளர்கள் என்ற பெருமிதம் உண்டு. அந்தப் பெருமிதம் நியாயமானதும்கூட. உங்கள் நாயகியால் ஒருவரைக் கைது செய்யவோ விசாரிக்கவோ முடியாது. அவள் சம்பவ இடத்துக்கு வருவாள், எவற்றை எப்படி எடுக்க வேண்டும் என்று ஆய்வாளருக்குச் சொல்வாள், பிறகு ஆய்வகத்துக்கு வந்து சேரும் பொருள்களைப் பற்றி ஓர் அறிக்கை தருவாள். அந்த அறிக்கையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில்தான் அவளுடைய அதிகாரமும் நேர்மையும் அடங்கியிருக்கின்றன.

இதைக் குறையாக நினைக்க வேண்டாம். மருத்துவருக்குத் தெரிந்தது ஆய்வாளருக்குத் தாமதமாகத் தெரிகிறது. ஆய்வாளர் கேட்க மறந்த கேள்விக்கு ஆய்வகம் பதில் தருவதில்லை. இந்த இடைவெளிகளில் உங்களுக்கு எத்தனை கதைத் திருப்பங்கள் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் மூதாட்டியின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். திருவானைக்கா திருச்சி மாநகரக் காவல் எல்லைக்குள் வருவதால் அங்கே டி.எஸ்.பி. (துணைக் கண்காணிப்பாளர்) இருக்க மாட்டார், உதவி ஆணையர்தான் இருப்பார். இதை முதலில் நினைவில் வையுங்கள். கழுத்துச் சங்கிலி காணாமல் போயிருந்தால் அது ஆதாயக் கொலை. மாநகரங்களில் அது சட்டம் ஒழுங்குப் பிரிவிடம் இருக்குமா, குற்றப் பிரிவிடம் போகுமா என்ற பேச்சு முதல் மணி நேரத்திலேயே எழும். காலையில் பூக்காரம்மாள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறார். அவர்களில் ஒருவர் நிலையத்துக்கு வந்து புகார் எழுதித் தருகிறார். குற்ற எண் போட்டு முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. அதன் அசல் உடனே ஒரு காவலர் கையில் கொடுக்கப்பட்டு அந்த எல்லைக்குரிய குற்றவியல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) போக வேண்டும். இதை நாங்கள் எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்போம். நடுவர் அதைப் பெற்றுக்கொண்ட நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடுவார்.

அந்தக் கையெழுத்துக்கு மேல் உள்ள நேரத்தைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பார்ப்பார். காலை 8 மணிக்குப் பதிவான அறிக்கை, 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நடுவரை மாலை 5 மணிக்குத்தான் அடைந்தது என்றால், இடைப்பட்ட 9 மணி நேரத்தில் நிலையத்தில் என்ன எழுதப்பட்டது, யார் பெயர் சேர்க்கப்பட்டது என்று அவர் கேட்பார். அந்தக் காவலரின் மோட்டார் சைக்கிள் பஞ்சரானதுதான் உண்மைக் காரணமாக இருக்கலாம். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு பஞ்சரை நிரூபிப்பது கொலையை நிரூபிப்பதைவிடக் கடினம். எத்தனையோ வழக்குகள் இப்படி ஒரு நேரக் குறிப்பில் தடுக்கி விழுந்ததை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே, டி.என்.ஏ.வைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் முன், ஒரு வழக்கில் எந்தக் காகிதம் எந்த நேரத்தில் பிறக்கிறது, யார் கையில் எங்கே போகிறது என்பதைப் படியுங்கள் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதன்மையான ஆலோசனை.

சம்பவ இடத்தில் ஆய்வாளர் செய்வதை அருகிலிருந்து காட்டுகிறேன். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைப் பதியும் ஆவணம்) எழுதுவார், மாதிரி வரைபடம் போடுவார். வீட்டின் வாசல் எந்தத் திசை, விளக்கு எங்கே, உடல் எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். சாக்கட்டியால் உடலைச் சுற்றிக் கோடு போடும் வழக்கம் நம்மிடம் இல்லை. பிறகு பஞ்சாயத்தார், அதாவது அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் முன்னிலையில், உடலையும் காயங்களையும் பார்த்துக் குறிக்கும் பிரேத விசாரணை நடக்கும். இரத்தம் சிந்திய இடம் மண் தரையாக இருந்தால், மகஜரில் ஒரு வரி தவறாமல் வரும்: இரத்தம் தோய்ந்த மண், சாதாரண மண். சிமெண்டுத் தரையாக இருந்தால் தெருவில் யாரிடமாவது உளியும் சுத்தியலும் இரவல் வாங்கி, கறை படிந்த இடத்தில் ஒரு துண்டைப் பெயர்த்து எடுப்போம்; கறையே இல்லாத இடத்தில் இன்னொரு துண்டையும் பெயர்த்து எடுப்போம். கறையில் காணப்படுவது தரையிலேயே இருந்ததா, புதிதாக வந்ததா என்று ஆய்வகம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான் இந்த இரண்டாவது துண்டு. தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சணல் சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவோம். எல்லோரும் போன பிறகு அந்த வீட்டைக் கழுவி விடுகிறவர் தரையில் இரண்டு பள்ளங்களைப் பார்ப்பார். ஒன்று எதனால் ஏற்பட்டது என்று அவருக்குத் தெரியும். மற்றொன்றை ஏன் உடைத்தார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பொட்டலம் கட்டுவதில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளராகப் பதவி உயர்வு பெற்ற புதிதில், தென் மாவட்டம் ஒன்றில் மழை நாளில் நடந்த கொலையில், இறந்தவரின் நனைந்த சேலையை அப்படியே பாலிதீன் பையில் போட்டு முத்திரையிட்டேன். சுத்தமாகச் செய்ததாகப் பெருமைகூடப் பட்டேன். ஈரமான துணியை நிழலில் உலர்த்திக் காகிதத்தில்தான் கட்ட வேண்டும். காற்றுப் போகாத பையில் அது பூஞ்சை பிடித்து அழுகிவிடும். சில வாரங்கள் கழித்து வந்த அறிக்கையில் "மனித இரத்தம், கறை சிதைந்திருப்பதால் வகை காண இயலவில்லை" என்று இருந்தது. என் மேலதிகாரி திட்டவில்லை. அறிக்கையை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

கைப்பற்றிய பொருள்கள் ஆய்வகத்துக்கு நேராகப் போவதில்லை என்பதையும் கவனியுங்கள். அவை படிவம் 95-உடன் (கைப்பற்றிய பொருள்களின் பட்டியல்) நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டு, நடுவரின் வேண்டுகோள் கடிதத்துடன்தான் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். அங்கே வரிசையில் காத்திருக்கும் பொட்டலங்களுக்குப் பின்னால் உங்கள் மூதாட்டியின் பொட்டலமும் நிற்கும். டி.என்.ஏ. அறிக்கைக்கு வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் காத்திருக்க நேரும். இரண்டு நாளில் அறிக்கை வருவது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். நாடே பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கென்றால் வேகம் வரும். தனியாக இருந்த ஒரு பாட்டியின் வழக்கில், அந்த அறிக்கைக்காகக் காத்திருக்கும் நாட்களிலேயே கதையை நடத்துங்கள். கைதானவர் சிறையில் இருந்தால் கொலை வழக்கில் 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் அவர் பிணை கேட்டு வெளியே வர உரிமை உண்டு. 80-ஆவது நாளிலும் அறிக்கை வரவில்லை என்றால் உங்கள் ஆய்வாளருக்கு உறக்கம் வராது.

இறப்பு நேரத்துக்கு வருகிறேன். எந்த மருத்துவரும் 9.40 என்று சொல்ல மாட்டார். பிரேத பரிசோதனைச் சான்றிதழில் "பரிசோதனைக்கு 18 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இறப்பு நேர்ந்திருக்கலாம்" என்பது போன்ற வாசகமே இருக்கும். உடல் விறைப்பு கண்ணிமையிலும் தாடையிலும் தொடங்கிக் கைகால்களுக்குப் பரவும். உடலின் கீழ்ப்பக்கத்தில் இரத்தம் இறங்கி நிறம் மாறி, சில மணி நேரம் கழித்து அந்த நிறம் நிலைத்துவிடும். உடலைப் புரட்டிப் போட்டிருந்தால் அந்த நிறமே காட்டிக்கொடுக்கும். ஆனால் திருச்சியின் மே மாத வெயிலில் இவையெல்லாம் விரைந்து நடக்கும், பிணவறைக் குளிர்பெட்டியில் தாமதப்படும். இரைப்பையில் பாதி செரித்த சோறு இருந்தால், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று வீட்டாரைக் கேட்டு ஓரளவு கணிக்கலாம். உங்களுக்கு 9.40 வேண்டுமென்றால் அதை உடலிலிருந்து எடுக்காதீர்கள், மனிதர்களிடமிருந்து எடுங்கள். பாட்டி பார்க்கும் தொடர் முடிந்ததும் தொலைக்காட்சி நின்றது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லட்டும். கைப்பேசியின் கடைசி அழைப்பு சொல்லட்டும். எதிர்க் கடையின் கேமரா, அதுவும் பழைய பதிவுகளின் மேல் புதியது பதிவாகி அழிவதற்குள் யாராவது போய் எடுத்திருந்தால், சொல்லட்டும். அந்தப் பதிவைச் சட்டப்படியான சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்தில் குறியீடு செய்ய, அதாவது சான்றாவணமாக எண்ணிட்டுச் சேர்க்க முடியாது என்பதால், கடைக்காரரும் உங்கள் கதைக்குள் வந்தே ஆக வேண்டும். இவற்றோடு முரண்படும் எதுவும் தன் பரிசோதனையில் இல்லை என்று மட்டுமே மருத்துவர் சொல்வார்.

சட்டப் பிரிவுகளில் இப்போது புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அன்றுவரை 302 என்று எல்லோர் வாயிலும் புழங்கிய கொலைப் பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. சந்தேக மரணத்துக்கு நாங்கள் போட்ட 174, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. உங்கள் கொலை எந்த நாளில் நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; குற்றம் நடந்த நாளே தண்டனைப் பிரிவைத் தீர்மானிக்கும். புதிய நடைமுறைச் சட்டம் 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டுகள்வரை அவகாசமும் தருகிறது. சோதனையும் கைப்பற்றுதலும் ஒலி, ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் புதிது. உங்கள் நாயகிக்கு இவை நல்ல வாய்ப்பு. இருந்தாலும் நிலையத்தில் மூத்த ஏட்டு இன்னமும் "த்ரீ நாட் டூ" என்றுதான் சொல்வார். அதை மாற்றிவிடாதீர்கள்.

ஒப்புதல் வாக்குமூலம்தான் தமிழ்க் குற்றக்கதைகள் அதிகம் சறுக்கும் இடம். காவல் அதிகாரியிடம் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அளிக்கும் ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஒரே விதிவிலக்கு, அவர் சொன்னதன்பேரில் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். "இந்த அரிவாளால்தான் வெட்டினேன், அதை முட்புதரில் ஒளித்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்" என்று அவர் சொன்னால், ஒளித்து வைத்ததும் காட்டுவதும் நிற்கும், வெட்டியது போய்விடும். புலுக்குரி கோட்டய்யா வழக்கில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1946-இல் வகுத்த கோடு இது. அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கு. அப்படிப் பொருளைக் கைப்பற்றும் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்திட எங்கள் ஊர்களில் கிராம நிர்வாக அலுவலரையும் அவருடைய உதவியாளரையும் அழைப்போம். எதிரி திடீரென்று மனம் திருந்தி, முன்பின் தெரியாத கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கொலையை ஒப்புக்கொண்டதாகவும் சில வழக்குகளில் எழுதப்படுவதுண்டு; நீதிபதிகள் அதைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். உண்மை கண்டறியும் பரிசோதனையைக் கொண்டு கதையை முடிக்க நினைத்தால், சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றி அதை நடத்த முடியாது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது.

அடித்து உண்மையை வரவழைக்கும் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. சாத்தான்குளத்தில் 2020-இல் காவலில் இருவர் உயிரிழந்த பிறகு, அந்தக் காட்சியைத் தமிழ் வாசகர்கள் சாகசமாகப் படிக்க மாட்டார்கள், படிக்கவும் கூடாது. எழுதுவதானால் அதைக் குற்றமாகவே எழுதுங்கள்.

அறிவியலின் பெருமையைச் சொல்ல விரும்பினால் நம்மிடமே எடுத்துக்காட்டுகள் உண்டு. 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கில் தலையில்லாத உடல் ரயில் பெட்டியில் மானாமதுரைப் பக்கம் கண்டெடுக்கப்பட்டது. தலை சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. டி.என்.ஏ. என்ற சொல்லே நீதிமன்றத்தில் நுழையாத காலத்தில், இரண்டும் ஒருவருடையவையே என்று மருத்துவர்கள் நிறுவ வேண்டியிருந்தது. 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன், சிதறிய துணித் துண்டுகளையும் கம்பிகளையும் காயங்களின் போக்கையும் வைத்து, குண்டை ஒரு பெண் உடலில் அணிந்து வந்தார் என்ற முடிவுக்கு வந்தார். எந்தக் கருவியும் அவருக்குப் பெயரை அச்சடித்துக் கொடுக்கவில்லை.

பரிசோதனையில் அகப்படாத விஷம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பொருளின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எழுத்தாளர் அல்லாதவர்களும் இதைப் படிக்கிறார்கள். உங்களுக்கும் அது தேவைப்படாது. விஷ மரணங்களில் எங்கள் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை பூச்சிமருந்து. அறைக்குள் நுழையும்போதே நாற்றம் சொல்லிவிடும். கதைக்கு வேண்டியது விஷத்தைவிட, எவரும் ஏன் சந்தேகப்படவில்லை என்பது. எண்பது வயதுப் பாட்டி தூக்கத்தில் போய்விட்டாள் என்று சொந்தக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் பாடை கட்டத் தொடங்கினால், உள்ளுறுப்புகளை உப்புக் கரைசல் ஜாடியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்ல ஒருவருக்கு மனத்துணிவு வேண்டும். அந்த ஒருவர் யார் என்று தேடுங்கள்.

படிப்பதற்கு எங்கே போவது? முதலில் தீர்ப்புகள். சென்னை உயர் நீதிமன்றத்தின் கொலை மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசுத் தரப்பு வழக்குச் சுருக்கம், ஒவ்வொரு சாட்சியும் சொன்னது, யார் பிறழ் சாட்சியானார், குறியீடு செய்த ஆவணங்கள், சான்றுப் பொருள்கள் என்று ஒரு வழக்கின் முழு எலும்புக்கூடும் அவற்றில் இருக்கும். பத்துத் தீர்ப்புகளைப் படித்தால் நான் மேலே எழுதியவற்றில் பாதி உங்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும். உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, வெளியிடத் தகாத வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளும் காவல்துறை இணையதளத்தில் ஏற்றப்படுகின்றன. புகார் எப்படிப்பட்ட தமிழில் எழுதப்படுகிறது என்று அங்கே பார்க்கலாம். உங்கள் ஊர் அமர்வு நீதிமன்றத்தில் கொலை வழக்கு விசாரணை நடக்கும் நாளில் விடுப்பு எடுத்துப் பின்வரிசையில் உட்காருங்கள். அது திறந்த மன்றம், யாரும் தடுக்க மாட்டார்கள். புலனாய்வு அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் ஒரு பிற்பகல், நூறு பக்கக் குறிப்புகளுக்குச் சமம். சென்னைக்கு வந்தால் எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகத்தில் 2021-இல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்தைப் பாருங்கள்.

நிலையத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் முன்கூட்டியே ஆணையர் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். வைகுண்ட ஏகாதசி பந்தோபஸ்து நேரத்தில் ஸ்ரீரங்கம் பக்கம் போய்விடாதீர்கள். நடப்பு வழக்குகளைப் பற்றிக் கேட்க வேண்டாம். உயர் அதிகாரியிடம் ஒரு மணி நேரம் கிடைத்தால் நன்றி சொல்லிப் பெற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் ரைட்டர் (நிலைய எழுத்தர்) ஒருவரையும், உடலோடு பிணவறைக்குப் போய் வந்த தலைமைக் காவலர் ஒருவரையும் தேடிப் பிடியுங்கள். மருத்துவர் கழற்றிக் கொடுக்கும் துணிகளை வாங்கிக்கொண்டு, உடலை உறவினர்களிடம் ஒப்படைக்கும்வரை அங்கேயே நின்றிருப்பவர் அவர்தான். ஒருவரும் அவரை வைத்துக் கதை எழுதியதாக எனக்கு நினைவில்லை. "இப்படி நடக்குமா?" என்று கேட்டால் "நடக்கும்" என்றுதான் யாரும் சொல்வார்கள். "நீங்கள் போனதும் முதலில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். மோப்ப நாயைப் பற்றியும் கேளுங்கள். அது சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது என்று பத்திரிகைகள் ஏன் ஒவ்வொரு முறையும் எழுதுகின்றன என்பதற்கு அவர்களிடம் சிரிப்பான விளக்கங்கள் இருக்கும்.

கடைசிக் கேள்விக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். பிரேத விசாரணை முடிந்து, உடலை அனுப்பி, சாட்சிகளை விசாரித்து, வீட்டுக்கு வரும்போது இரவு இரண்டு மணி ஆகியிருக்கும். முன்வாசல் வழியாக உள்ளே போக மாட்டோம். கொல்லைப்புறத்துக் குழாயடியில் வாளியும் துண்டும் முன்பே எடுத்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தலை முழுகிவிட்டு, சாப்பாட்டை மூடியபடியே விட்டுவிட்டு, ஈரத் தலையோடு உட்கார்ந்து வழக்கு நாட்குறிப்பை எழுதுவோம். எந்த மணிக்கு எங்கே இருந்தேன், யாரைப் பார்த்தேன், எதை எடுத்தேன் என்று ஒவ்வொன்றாக. மறுநாள் காலையில் எழுதினால் நேரங்கள் மறந்துபோகும்.